மாவுப்பூச்சியும் மக்கள் விஞ்ஞானமும்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு விளைந்தால்தான் களையெடுக்கும் பெண்ணுக்குக் கூலி உண்டு. சேகோ ஆலைத் தொழிலாளிக்கு வேலை உண்டு. 2020ல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நம் வயல்களிலும் புகுந்து குருத்தைச் சுருட்டியது. விவசாயி கடன்பட்டு மருந்து வாங்கினான். அந்த விஷத்தை மூச்சில் இழுத்தவன் கூலியாள். சுருண்ட இலைக்குள், மெழுகுப் போர்வைக்குள் பதுங்கிய பூச்சியோ தப்பிப் பிழைத்தது!

வழி காட்டியது விஞ்ஞானமே. இப்பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. அதன் பகைவனும் அங்கேயே உண்டு: அனகைரஸ் லோபசி என்னும் சிறு குளவி. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று தீர்க்கும். 1981 முதல் ஆப்பிரிக்காவில் இக்குளவியைப் பரப்பிக் கோடிக்கணக்கான ஏழைகளின் உணவைக் காத்தார்கள். 2021ல் பெங்களூரிலுள்ள மத்திய சர்க்காரின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து அதைத் தருவித்தது. 2022 மார்ச் 7ல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

விட்டபின் தானே பெருகும் குளவியை வருஷந்தோறும் விற்று லாபம் பார்க்க எந்த முதலாளியாலும் முடியாது. ஆகவேதான் இந்த வேலை மக்கள் பணத்தில், மக்களுக்காக நடக்க வேண்டும் என்கிறோம். கண்டபடி விஷமருந்து தெளித்தால் குளவியும் மடியும் என்பதையும் மறக்கலாகாது.

ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போதிய பணம் ஒதுக்கு! குத்தகை விவசாயிக்கும் குளவியை இலவசமாக வழங்கு! மருந்தடிக்கும் கூலியாளுக்குக் கையுறையும் முகமூடியும் கொடு! இவையே சர்க்காரிடம் நம் கோரிக்கைகள். தோழர்களே, கிராமந்தோறும் சங்கக் கூட்டங்களில் இவற்றை எழுப்புங்கள்!