துவக்கின் நீளமும் சன்னத்தின் சுழற்சியும்

நீண்ட குழலுடைய துவக்கே குறி தவறாது சுடும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். பாலமுனை போன்ற ஊர்களின் வயல் வட்டைகளில் யானைக்கும் பன்றிக்கும் காவலிருப்போரின் துவக்குகளைப் பார்த்து எழுந்த எண்ணமாக அது இருக்கலாம். ஆனால் ரைபிளின் இயல்பு வேறு.

வேட்டைத் துவக்கின் குழல் உட்புறம் வழவழப்பானது. ரைபிளின் குழலுக்குள்ளோ திருகாணிப் புரிபோலச் சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை சன்னத்தைச் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதுபோல, சுழலும் சன்னமும் முனை முன்னோக்கியபடியே பறக்கிறது. சன்னம் நீண்டதானால் சுழற்சியும் விரைவாக வேண்டும். இதற்கான சூத்திரத்தை 1879 இல் வகுத்தவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜோர்ஜ் கிறீன்ஹில்.

1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாக்களால் பெயர்பெற்றது என்பீல்ட் ரைபிள். அதன் குழல் 39 அங்குலம். சுருளோ 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சன்னம் அரைச் சுற்றுடன் வெளியேறிவிடும். பின்னர் கடற்படைக்கென வந்த வடிவத்தில் குழல் 33 அங்குலமாகக் குறைந்தது. சுருள் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக நெருங்கியது, குழலும் தடித்தது. குட்டையானதே துல்லியமாகச் சுட்டது.

அவ்வாறாயின் நீளத்தின் பயன் என்ன? முதன்மையாக வேகம். ஏ.கே.எம். ரைபிளின் குழல் 415 மில்லிமீற்றர். சன்னத்தின் வேகம் செக்கனுக்கு 715 மீற்றர். அதே ரவையைச் சுடும் ஆர்.பி.கே. இயந்திரத் துப்பாக்கியின் குழல் 590 மில்லிமீற்றர். வேகம் 745 மீற்றர். இரண்டிலும் சுருள் 240 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்றுத்தான். நாம் நன்கறிந்த ரி-56 இன் சுருளும் அதுவே. அதன் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 3000 தடவை சுழல்கிறது.

இந்தச் சுழற்சி காற்றுக்குப் போதும். மனித உடலுக்குப் போதாது. உடலின் அடர்த்தி காற்றைப்போல் எண்ணூறு மடங்குக்கும் அதிகம். உள்ளே புகுந்த சன்னம் நிலைகுலைந்து பக்கவாட்டில் புரள்கிறது. எவ்வளவு ஆழத்தில் புரளும் என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. புகுந்த காயம் சிறிதாகவும் வெளியேறிய காயம் பெரிதாகவும் இருக்க இதுவே போதுமான காரணம்.

2009 வரை நீடித்த யுத்தத்தில் இத்தகைய காயங்களைக் கிழக்கிலங்கை மக்கள் மூவினத்தாரும் கண்டார்கள். காயம் பெரிதென்றால் அது 1899 ஹேக் பிரகடனம் தடைசெய்த டம்டம் சன்னமே என்று முடிவுகட்டுவது துயரத்தில் இயல்பு. எழுதுவோருக்கு அது ஆகாது. கொலை உண்மையாயிருக்க, சன்னத்தைப் பற்றிய கூற்று மட்டும் பொய்த்துப்போனால், அந்த ஓட்டையின் வழியே குற்றவாளி நழுவிவிடுவான். மரண விசாரணை அறிக்கையையும் ஆயுதப் பரிசோதனை முடிவையும் கேட்டுப் பெற்ற பின்னரே ஆயுதத்தின் பெயரை எழுத வேண்டும். இறந்தவருக்கு நீதி கேட்போர் முதலில் காக்க வேண்டியது, எதிர்த்தரப்பு உடைக்க முடியாத உண்மையையே.