மவுண்டன்போர்டு வாங்க பிராண்டைப் பார்க்கணுமா, பேரிங் நம்பரைப் பார்க்கணுமா?

அஸ்தினாபுரம், சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கம் காத்தாடி என்றாலே இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, மொட்டை மாடியில் நின்று 'டீல்' போடும் பசங்க. இன்னொன்று, மாஞ்சா நூல். நைலான் மாஞ்சாவையும் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சாவையும் 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னை போலீசும் தடை உத்தரவுகள் போட்டிருக்கிறது. அப்படியும் 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், பெற்றோரோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தை கழுத்தில் மாஞ்சா நூல் அறுத்து இறந்து போனது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு காலேஜ் பையன், "நான்கைந்து சதுர மீட்டர் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு, சக்கரம் வைத்த பலகையில் நின்று ஓடப் போகிறேன்" என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தனியாக எழுத வேண்டியதில்லை :) ஆனாலும் அந்த ஆசை பலருக்கு வருகிறது. வீடியோவில் பார்க்கிறார்கள், பிரமிக்கிறார்கள், அடுத்த நிமிடமே "எந்த பிராண்ட் பெஸ்ட்?" என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையில் காசு குறைவாக இருக்கும் ஒரு தாம்பரம் மாணவனுக்கு அது முதல் கேள்வியே இல்லை. "எந்தப் பாகம் முதலில் கெடும், அது இங்கே கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி.

முதலில், அது என்ன வண்டி?

மவுண்டன்போர்டு என்பது ஸ்கேட்போர்டுக்கு முரட்டு அண்ணன். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பலகை, காற்றடைத்த நான்கு டயர், காலை மாட்டிக்கொள்ள இரண்டு பட்டை. தார் ரோடு வேண்டாம். புல், மண், இறுகிய மணல் எதிலும் ஓடும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாட்டிலும் தனித்தனி ஆட்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். பனிச்சறுக்கு ஆடுபவர்கள் பனி இல்லாத மாதங்களில் மலையிலிருந்து இறங்குவதற்காகச் செய்தது. பிறகு மலையே இல்லாத ஊர்க்காரர்கள் காத்தாடியைக் கட்டி இழுக்க வைத்தார்கள். அதுதான் கைட் லேண்ட்போர்டிங்.

பெயர் அடிபடும் கம்பெனிகள் முக்கியமாக இரண்டு. 1993-ல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய எம்பிஎஸ். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் ட்ராம்பா.

எம்பிஎஸ்ஸின் பலம், பெட்டியைப் பிரித்தால் முழு போர்டு ரெடி. மாடல் பெயரிலேயே நீளம் இருக்கும். கோல்ட் 90 என்றால் 90 செ.மீ., காம்ப் 95 என்றால் 95 செ.மீ. முதலாவது கற்றுக்கொள்பவருக்கு, இரண்டாவது கொஞ்சம் தேறியவருக்கு. ட்ராம்பாவின் பலம் வேறு. பலகை, ட்ரக், சக்கரம், பட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்து உங்களுக்கென்று ஒரு போர்டு கட்டிக்கொள்ளலாம். பலகையும் மரமில்லை, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் வகை. ஆளின் எடைக்குத் தகுந்த வளைவுத்தன்மையில் வாங்கலாம். காத்தாடிக்காரர்களுக்கு இந்த வளையும் பலகை மிகவும் பிடிக்கும், மேடு பள்ளத்தைப் பாதி அதுவே வாங்கிக்கொள்ளும்.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், நாட்டிங்காமில் இருப்பவனுக்கு ட்ராம்பா, கொலராடோவில் இருப்பவனுக்கு எம்பிஎஸ். கிண்டல் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்தில் கிடைப்பதுதான் ஒரு வண்டியின் பாதி மதிப்பு. பைக் வாங்கும்போது "சர்வீஸ் சென்டர் பக்கத்துல இருக்கா?" என்று முதலில் கேட்கும் அப்பாக்கள் போர்டு விஷயத்தில் மட்டும் தப்பாகச் சொல்லிவிடப் போகிறார்களா என்ன?

காமர்ஸ் கணக்கு

ஒரு பேச்சுக்கு போர்டு விலை 100 ரூபாய், விமானக் கூலி 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சுங்க வரி 100-க்கு இல்லை, கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்புக்கு, அதாவது 130-க்கும் மேல். அந்த வரியையும் சேர்த்த தொகைக்கு மேலே ஐ.ஜி.எஸ்.டி. வரிக்கு வரி என்பது இதுதான்.

போர்டு ஒரு தடவை வாங்குவது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். ஸ்பேர் பார்ட்ஸில்தான் சங்கடம். 10 ரூபாய் ரப்பர் துண்டுக்கு 20 ரூபாய் கூலி ஆனால் வரி 30-க்கு. பொருளின் விலையை விட அது வந்து சேரும் செலவு பெரிது. ஆக, வாங்கிய விலையை மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்கு. மூன்று வருஷம் ஓட்ட ஆகும் செலவை ஒப்பிடுவதுதான் முழுக் கணக்கு.

எது கெடும்?

பேரிங்: ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு. மவுண்டன்போர்டு அச்சு பெரும்பாலும் இரண்டு அளவில் வரும், 9.5 மி.மீ. அல்லது 12 மி.மீ. படிக்கும்போது கண்ணில் படாமல் போகிற வித்தியாசம் இது. ஆனால் 12 மி.மீ. அச்சுக்கு வேண்டிய பேரிங்கின் அளவு 12-28-8. அதாவது 6001. மோட்டார், பம்ப் ரிப்பேர் செய்யும் எந்தக் கடையிலும் பழகிய நம்பர். பேரிங் கடைக்குப் போய் "6001, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்சது எட்டு கொடுங்க" என்றால் வேலை முடிந்தது. 9.5 மி.மீ. என்றால் அந்தச் சௌகரியம் இல்லை, கம்பெனியையே நம்பி இருக்க வேண்டும். கடற்கரையில் ஓட்டினால் உப்பும் மணலும் பேரிங்கைச் சீக்கிரமே தின்றுவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

டயர், ட்யூப்: பொதுவாக 8 அங்குலம், 200-க்கு 50 என்று அச்சடித்திருக்கும். சிறிய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களிலும் இதே அளவு உண்டு. மண் இளக்கமாக இருக்கும் இடத்துக்கு 9 அங்குலம் நல்லது, ஆனால் தேடி அலைய வேண்டும். இந்தப் பக்கத்துக் காலி மனையிலும் ஏரி ஓரத்திலும் சீமைக் கருவேல முள் இருக்கும் என்பதை எந்த வெளிநாட்டு விமர்சனமும் சொல்லாது! பஞ்சர் சகஜம். ரிம் பெரும்பாலும் பாகம் பாகமாகப் பிரிந்து போல்ட்டில் முறுக்குவது. கழற்றி ட்யூபை எடுத்தால் சைக்கிள் கடையிலேயே ஒட்டிவிடலாம். காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது.

கால் பட்டை: வெல்க்ரோ, ராட்செட் என இரண்டு வகை. ராட்செட் இறுக்கமாகப் பிடிக்கும், பார்க்கவும் கெத்து. ஆனால் பல்லில் மணல் ஏறும், உடைந்தால் மறுபடி இறக்குமதி. வெல்க்ரோ பிய்ந்தால் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்தால் முன்னைவிட பலமாகவே தைத்துக் கொடுத்துவிடுவார். இங்கே வெல்க்ரோதான் ஜெயிக்கிறது.

ட்ரக்: பலகையையும் அச்சையும் சேர்த்து, சாய்ந்தால் திரும்ப வைக்கும் உலோகப் பகுதி. ஸ்ப்ரிங் வைத்தது ஒரு வகை, ஸ்கேட்போர்டு போல ரப்பர் புஷ் வைத்தது இன்னொரு வகை. காத்தாடி ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்போது ஸ்ப்ரிங் ட்ரக் நிதானமாக நிற்கும், வேகத்தில் ஆட்டம் குறைவு. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஸ்ப்ரிங்குக்குள் இருக்கும் சின்னச் சின்னத் துண்டுகள் அந்தக் கம்பெனிக்கே உரியவை. புஷ் வகையில் பாலியூரித்தேன் உருளை தேய்ந்தால் கிண்டி எஸ்டேட் போன்ற இடத்தில் லேத்தில் கடைந்து வாங்க வழி உண்டு. கற்றுக்கொள்ளும் முதல் வருஷத்துக்கு, இறுக்கி வைத்த புஷ் ட்ரக்கே போதும்.

அப்போ பிராண்டே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. பலகை நடுவில் முறிந்தாலோ, அச்சு வளைந்தாலோ எந்த லேத்தும் காப்பாற்றாது. முறிவது வேகமாகப் போகும்போதுதான் முறியும், கூடவே காலும் முறியும். பேர் தெரியாத மலிவு போர்டுகள் ஆபத்தாவது இந்த இரண்டு இடத்தில்தான். ஆகவே பலகைக்கும் ட்ரக்குக்கும் பிராண்ட் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் அளவு பார்த்தால் போதும். இந்தக் கணக்கில் பார்த்தால் முதல் போர்டுக்கு 12 மி.மீ. அச்சு, 8 அங்குல டயர், வெல்க்ரோ பட்டை, புஷ் ட்ரக் உள்ள எம்பிஎஸ் ஆரம்ப வகையே லாபம். காத்தாடியில் கை தேறி, உடல் எடைக்கேற்ற பலகை வேண்டும் என்று உணரும்போது ட்ராம்பா பக்கம் போகலாம். அலுமினிய ஹப், வண்ண டயர் எல்லாம் அதற்கும் அப்புறம்.

பிராண்டில் ஒரு பைசா கூட மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் காத்தாடி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கி.மீ. காற்றில் சாதுவாக இருந்த காத்தாடி, 30 கி.மீ. காற்றில் ஆளைத் தூக்கி எறியும். அப்போது ஒரே இழுப்பில் காத்தாடியின் பலத்தைக் கொன்றுவிடும் பாதுகாப்பு ரிலீஸ் வேலை செய்தாக வேண்டும். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு ஆகியவை போர்டுக்கு முன்னால் வாங்க வேண்டியவை. ஆனால் பெரும்பாலானவர்களின் பட்டியலில் இவை கடைசியில் வருகின்றன, கடைசிக்கு வரும்போது காசு தீர்ந்திருக்கிறது.

எங்கே ஓட்டுவது?

கசப்பான பகுதி இது. அஸ்தினாபுரத்தில் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் தாம்பரம் விமானப்படை நிலையம். தெருவுக்குத் தெரு ஈ.பி. கம்பி. காத்தாடிக் கயிறே இருபது மீட்டருக்கு மேல் நீளம். அதில் கண்ணாடித் தூள் இல்லைதான், ஆனால் ஆளையே இழுக்கும் விறைப்பில் இருக்கும் மெல்லிய கயிறு யார் மேல் உரசினாலும் அறுக்கும். கொருக்குப்பேட்டையை மறந்துவிட்டு இந்த விளையாட்டைப் பேச முடியாது. போதாததற்குக் கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், கடற்காற்று அபார்ட்மென்ட்டுகளில் மோதிக் குழம்பித்தான் வந்து சேருகிறது.

மெரினாவில் இடம் அகலம், ஆனால் கூட்டம், அதோடு இளக்க மணல். சென்னைக் கடலில் ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் ஐரோப்பியக் கடற்கரைகள் போல நீர் வடிந்து இறுகிய அகல மணல்வெளியும் கிடைக்காது. காத்தாடியை முறையாகக் கற்க வேண்டும் என்றால் கைட்சர்ஃபிங் சொல்லித் தரும் ராமேஸ்வரம் பக்கம் போவது நல்லது. காத்தாடியைக் கையாளும் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கோவளத்தைப் பார்த்தால் இன்னொரு பாடமும் இருக்கிறது. அங்கே 2012-ல் தொடங்கிய சர்ஃபிங் பள்ளியை நம்பி எத்தனையோ பேர் அலையில் நிற்கக் கற்றார்கள். ஆளுக்கொரு சர்ஃப்போர்டு வாங்கிக்கொண்டா போனார்கள்? பள்ளியில் போர்டு இருந்தது, சொல்லித்தர ஆளும் இருந்தார்கள். விளையாட்டு வளர்வது அப்படித்தான். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே போர்டு, ஒரே சின்னக் காத்தாடி, ஆளுக்கொரு ஹெல்மெட் என்று வாங்கினால் செலவு கால்வாசி ஆகும். ஒருவன் ஓட்டும்போது மற்ற மூன்று பேர் ஆட்கள் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளவும் முடியும். தனியாகப் போய் ஓட்டுபவனுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ஆக, வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஹெல்மெட்டும் காப்புகளும், அடுத்து ரிலீஸ் உள்ள சின்னக் காத்தாடி, அதைத் திறந்த வெளியில் போர்டு இல்லாமலே நின்றபடி பழக ஒரு சீசன், கடைசியில் போர்டு. அந்த ஒரு சீசனுக்குள் ஆசை வடிந்துவிட்டால் போர்டுக்காசு மிச்சம். வடியவில்லை என்றால், 6001 என்ற நம்பரை எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். பிராண்ட் ஸ்டிக்கரை விட அதுதான் அதிக நாள் உதவும்.