அரண்மனையில் ஒரு நூதனசாலை

பழைய மாளிகையொன்றில் அமைந்த நூதனசாலைக்குள் நுழைவோர் முதலில் காண்பது கட்டடத்தின் எழிலையே. உயர்ந்த தூண்களையும் அகன்ற படிகளையும் கண்டு வியந்த பின்னரே அவர்தம் கண்கள் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் பாடஞ்செய்த பறவைகளையும் நாடுகின்றன. அக்கட்டடமே தன்னுள் இருக்கும் செல்வத்துக்குப் பகையாகவும் கூடும் என்ற எண்ணம் எவர்க்கும் எழுவதில்லை. அவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது பிறேசில் நாட்டின் தேசிய நூதனசாலைக்கு நேர்ந்த கதி.

1818 ஆம் ஆண்டு ஆறாம் ஜோவான் மன்னரால் றியோ டி ஜெனீரோ நகரில் நிறுவப்பட்ட இந்நூதனசாலை, முடியாட்சி நீங்கிய பின்னர், 1892 இல் அரச குடும்பத்தினர் வாழ்ந்த சான் கிறிஸ்தோவான் அரண்மனையிற் குடிபுகுந்தது. மன்னர் உலாவிய மண்டபங்களுக்குக் குடிமக்கள் தம் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துவந்தனர். ஏறக்குறைய இரண்டு கோடிப் பொருள்கள் அங்கே சேர்ந்திருந்தன.

2018 செப்டெம்பர் 2 ஆந் திகதி, ஞாயிறு இரவு, அவ்வரண்மனை எரிந்தது. குளிரூட்டும் பொறியொன்றிலிருந்தே தீ மூண்டதென விசாரணையிற் கண்டனர். தீயை அடக்கத் தானே நீர் தெளிக்கும் சாதனம் அங்கில்லை. விரைந்து வந்த தீயணைப்புப் படையினருக்கு அருகிலிருந்த குழாய்களிற் போதிய நீரும் கிடைக்கவில்லை. பாதுகாப்பு வேலைகளுக்கும் உதவவிருந்த நிதிக்கு அவ்வாண்டு ஜூன் மாதத்திலேதான் உடன்பாடாயிற்று. பணம் வருமுன் நெருப்பு வந்துவிட்டது.

உயிர்ச்சேதம் எதுவுமில்லை என்பது ஓர் ஆறுதல். ஆயினும் ஐம்பது இலட்சம் வரையான பூச்சி மாதிரிகள் சாம்பராயின. ஓர் இனத்துக்கு முதன்முதற் பெயரிட்டபோது சான்றாக வைத்த மாதிரி அழியுமாயின், அதற்கு நிகரான இன்னொன்றை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. பேசுவோர் அற்றுப்போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் மறைந்தன. பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட 'லூசியா' என்னும் பெண்ணின் மண்டையோட்டைச் சாம்பரிலிருந்து துண்டு துண்டாகவே மீட்டனர். ஐந்து தொன்னுக்கு மேல் நிறையுள்ள 'பெந்தெகோ' விண்கல்லோ அசையாது நின்றது. நெருப்பினூடே மண்ணுக்கு வந்த கல்லுக்கு இந்நெருப்பு ஒரு பொருட்டன்று. 2025 இல் சில கூடங்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டபோது வந்தோரை வரவேற்றதும் அக்கல்லேயாம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நெருப்புக்கு இழந்த நமக்கு இத்துயரை எவரும் விளக்கத் தேவையில்லை. அது மனிதர் வைத்த தீ. இது மனிதர் அசட்டையால் வளர்ந்த தீ. எஞ்சிய சாம்பரில் வேற்றுமை இல்லை.

கொழும்பில் 1877 இல் திறக்கப்பட்ட நூதனசாலையும் பழைய மாளிகையே. இத்தகைய கட்டடங்களுக்குப் புதுவர்ணம் பூசுவதில் நாம் காட்டும் ஆர்வத்தை, மின்கம்பிகளைச் சோதிப்பதிலும் தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பி வைப்பதிலும் காட்டவேண்டும். வாசகர்களும் விடுமுறை நாளிற் பிள்ளைகளுடன் அங்கு செல்லவேண்டும். மக்கள் நாடாத இடத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்குவது அரிது. எரிந்தபின் வடிக்கும் கண்ணீர் எந்தத் தீயையும் அணைத்ததில்லை.