மார்கழிச் சிந்தனை: வெறுங் கட்டுத்தறிக்கு இட்ட குங்குமம்



மார்கழி பிறந்துவிட்டது. பலமனேரில் விடியற்காலைப் பனி எதிர்வீட்டையும் மறைக்கிறது. நம் இல்லத்துப் பெண்மக்கள் வாசலில் கோலமிட்டுப் பூசணிப்பூ வைக்கின்றனர். அண்டை வீட்டுத் தெலுங்குப் பெண்மணிகள் கோலத்தின் நடுவே சாண உருண்டை பிடித்துக் கொப்பெம்மா வைக்கின்றனர். மொழி இரண்டாயினும் வாசல்கள் ஒன்றுபோலவே விளங்குகின்றன.

இத்திங்களில் திருமலையில் நிகழ்வதை நம்மவர் பலர் அறிவர். ஆண்டு முழுவதும் சுப்ரபாதம் கேட்டுத் துயிலெழும் வேங்கடவன், மார்கழியில் மட்டும் ஆண்டாளின் திருப்பாவை கேட்டு எழுகின்றான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணொருத்தி பாடிய முப்பது தமிழ்ப் பாசுரங்கள் ஆந்திர நாட்டு மலையுச்சியில் ஒலிக்கின்றன. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதைவிட ஆறுதல் வேறு உண்டோ?

அப்பாடல்களின் போக்கை எண்ணிப் பாருங்கள். ஆயர் சிறுமியர் பறை வேண்டிக் கண்ணனிடம் செல்கின்றனர். முடிவிலோ, தாம் வேண்டியது பறையன்று, ஏழேழ் பிறவிக்கும் அவனோடு உறவும் அவனுக்குச் செய்யும் தொண்டுமே என்கின்றனர். பெற வந்தவர்கள், பெறும் பொருளை மறந்து கொடுப்பவனையே நினைந்து நிற்கின்றனர். நன்றியுணர்வின் முதிர்ந்த நிலை இதுவே அன்றோ?

இதனை ஏட்டில் படித்திருந்தும் யான் உணர்ந்திலேன். எனக்கு உணர்த்தியவர் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பெய்த பெருமழையை மறந்திருக்க மாட்டீர்கள். குத்தகை நிலத்தில் யான் பயிரிட்டிருந்த தக்காளி, செடியிலேயே அழுகிற்று. கடன் மட்டும் எஞ்சியது. அடுத்த தைப்பொங்கலன்று என் மனைவி புதுப்பானைக்கு மஞ்சள் கட்டியபோது, “எந்த அறுவடைக்கு இந்தப் பொங்கல்? யாருக்கு நன்றி?” என்று சினந்தேன். அவள் மறுமொழி கூறாமல் அடுப்பை மூட்டினாள். பொங்கி வந்தபோது குரல் கொடுத்தவர்கள் குழந்தைகள் மட்டுமே. யான் திண்ணையை விட்டு எழவில்லை.

மாட்டுப் பொங்கலை இங்குள்ளோர் கனும என்பர். கனும நாளன்று அடுத்த வீட்டுக் கொட்டகைப் பக்கம் சென்றேன். அந்த அம்மையாரின் கறவைப் பசு, அதே மழையில் சுவர் இடிந்து விழுந்து மாண்டுபோயிருந்தது. ஆயினும் கொட்டகை மெழுகப்பட்டிருந்தது. வெறுமையாய் நின்ற கட்டுத்தறியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, சாமந்தி மாலை சூட்டிக் கொண்டிருந்தார்.

“மாடே இல்லையே அம்மா, இது எதற்கு?” என்றேன்.

“நாயனா, பதினோராண்டு பால் கொடுத்தது. சாமி அனுப்பியது, சாமி அழைத்துக்கொண்டார். போனது ஒருநாள். இருந்தது பதினோராண்டு. அதற்கு நன்றி சொல்ல வேண்டாமா?” என்றார் தம் மொழியில். பேசும்போதே கண்ணீர் வழிந்தது. கை மட்டும் மாலையைச் சரிசெய்துகொண்டே இருந்தது.

நாணித் தலைகுனிந்தேன். ஒரு பருவத்து இழப்பைக் கணக்கிட்ட யான், இம்மண் இத்தனை ஆண்டு இட்ட சோற்றைக் கணக்கிட்டேன் அல்லேன். வீடு சென்று, ஆறிப்போயிருந்த பொங்கலில் ஒரு பிடி எடுத்துக் கும்பிட்டு உண்டேன். கடன் தீரவில்லை, அது தீர மேலும் இரண்டாண்டு ஆயிற்று. ஆனால் நெஞ்சில் இருந்த கசப்பு அன்றே இறங்கத் தொடங்கிற்று.

துன்பத்தை இன்பமென்று சொல்வது நன்றியாகாது. அம்மூதாட்டி அழாமல் இருந்தாரல்லர். அழுதுகொண்டே பெற்றதை நினைந்தார். இறைவன் அவ்வளவே கேட்கின்றான் போலும்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். பின்னர்ச் செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இறைவன் அருள் மழையாகவும் மனிதர் கையாகவும் நம்மிடம் வருதலை இவ்வரிசை நினைவூட்டவில்லையா?

ஆகவே இப்பண்டிகைக் காலத்தில் ஒவ்வோர் இல்லத்தாரும் ஒன்று செய்வோம். மாலை விளக்கேற்றியதும் அன்று பெற்ற நன்மை ஒன்றைக் குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லட்டும், பெரியோரும் சொல்லட்டும். பொங்கலன்று முதற்படையல் கதிரவனுக்கு ஆகுக. அடுத்த கிண்ணம், நாம் இவ்வூர்க்கு வந்த நாளில் ஒரு குடம் தண்ணீர் கொடுத்த அண்டை வீட்டார்க்குச் செல்லட்டும். உங்கள் வீட்டிலும் வெறுமையாய் நிற்கும் கட்டுத்தறி ஒன்று இருக்கலாம். அதற்கும் ஒரு பொட்டு இடுங்கள்.

அனைவர்க்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.