இருபத்தைந்தாம் தேதிக்குள் அழுது முடிக்க வேண்டுமா?

அமெரிக்கக் கிறிஸ்தவப் பதிப்பகங்களின் டிசம்பர் நாவல்களில் அடிக்கடி வரும் கதை ஒன்று உண்டு. சின்ன ஊர், கணவனை இழந்த இளம்பெண், இடுப்பில் குழந்தை, மனைவியை இழந்த நல்லவர் ஒருவர். கிறிஸ்துமஸ் இரவுக்குள் இருவர் துக்கமும் கரைந்து கல்யாணப் பேச்சு வந்துவிடும். அப்படித்தான் முடிய வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்கள் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் சந்தோஷத்தின் கதையாம், அழுகைக்கு அதில் இடமில்லையாம். லூக்கா 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவரும்போது அங்கே இருப்பவள் அன்னாள் என்ற விதவை. கணவனோடு வாழ்ந்தது ஏழே வருடம். இப்போது வயது 84. லூக்கா அவளுக்கு ஜோடி தேடவில்லை, அவளைப் பார்த்துப் பரிதாபப்படவும் இல்லை. தீர்க்கதரிசினி என்றே அழைக்கிறார். மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியவள் அவள். மத்தேயுவிலோ பெத்லகேமில் கொல்லப்பட்ட பிள்ளைகளுக்காக ராகேல் அழுகிறாள். அவளை யாராலும் தேற்ற முடியவில்லை.

விசுவாசிக்குத் துக்கம் நீடிக்கக் கூடாது என்பதும் தவறு. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார்; துக்கமே வேண்டாம் என்று எழுதவில்லை. லாசருவை எழுப்பப் போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மறுமணத்தை நான் குறை சொல்லவில்லை. விதவை ரூத் மறுமணம் செய்த கதை வேதத்தில்தானே இருக்கிறது. அதற்கு டிசம்பர் 25 என்று கெடு வைப்பதுதான் கொடுமை.

வாசகர் கேட்பது இப்படிப்பட்ட முடிவைத்தான் என்கிறார்கள். ஆனால் ரிச்சர்ட் பால் எவன்ஸ் தன் மகள்களுக்காக எழுதி, 1993-இல் சொந்தச் செலவில் வெளியிட்ட 'தி கிறிஸ்துமஸ் பாக்ஸ்' நாவல் பெருவிற்பனை கண்டது. அதில் வரும் மேரி வயதான விதவை. பரணில் ஒரு மரப்பெட்டி, உள்ளே கடிதங்கள். எல்லாம் மூன்று வயதில் இறந்துபோன மகளுக்கு அவள் எழுதியவை. மகளின் கல்லறையில் ஒரு தேவதூதர் சிலை. முடிவில் மேரியும் இறந்துபோகிறாள்.

படித்தவர்கள் அந்தச் சிலையைத் தேடினார்கள். 1994 டிசம்பர் 6 அன்று சால்ட் லேக் சிட்டி கல்லறைத் தோட்டத்தில் நிஜமாகவே ஒரு சிலை வைக்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அங்கே கூடி, அதன் காலடியில் வெள்ளைப் பூ வைக்கிறார்கள்.