கலாசாரமும் கம்பிவேலியும்

ஆங்கில இலக்கியம் படித்த நம்மில் பலருக்கு மாத்யூ அர்னால்டு என்பது பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட ஒரு பெயர். 1869ல் வந்த அவருடைய 'கலாசாரமும் அராஜகமும்' என்ற புத்தகத்தைக் கலாசாரத்துக்கு எழுதப்பட்ட சாந்தமான இலக்கணம் என்றே நமக்குச் சொல்லித் தந்தார்கள். அது ஒரு வேலி விழுந்ததில் பிறந்த புத்தகம் என்று யாரும் சொல்லவில்லை. 1866 ஜூலையில், வாக்குரிமை கேட்டு ஊர்வலமாக வந்த லண்டன் கூட்டம், ஹைட் பார்க்கின் கதவுகள் சாத்தியிருக்கக் கண்டு, அதன் இரும்புக் கிராதிகளைச் சாய்த்துவிட்டு உள்ளே போயிற்று. அந்தக் கிராதி விழுந்த சத்தம் புத்தகம் முழுக்கக் கேட்கிறது. கலகம் செய்கிறவர்களைச் சவுக்கால் அடக்க வேண்டும், தலைவர்களைப் பாறை உச்சியிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்ற தன் தகப்பனாரின் அபிப்பிராயத்தை அர்னால்டு மெச்சி எடுத்துப் போட்டிருந்தார். பின்னால் வந்த பதிப்பில் அவரே அதை நீக்கிவிட்டார். நீக்கிய வரி செத்துப் போகவில்லை. பிரிட்டனில் கால்பந்து பார்க்க வருகிற கூட்டத்தைப் பற்றி ஒரு நூறு வருஷமாகக் கனவான்கள் பேசியதும் எழுதியதும், சட்டமாக்கியதும் இரும்பில் வார்த்து நட்டதும், பெரும்பாலும் அந்த வரியின் விரிவுரைதான் என்பது என் கட்சி.

காலிகளே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஹெய்ஸல் மைதானத்தில், லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கும்பல் பக்கத்துப் பகுதியில் நின்றவர்கள்மேல் பாய்ந்தது. ஓடியவர்கள் ஒரு சுவரோரம் நெருக்குண்டார்கள், சுவர் இடிந்தது, 39 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்கள். மைதானம் பாழடைந்து கிடந்தது, தடுப்பு லேசானது, போலீஸ் போதாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் பாய்ந்தது பாய்ந்ததுதான். 14 பேர் பெல்ஜிய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் சுமார் 2000 பேர் டிக்கெட் இல்லாமல் கதவுகளை மோதித் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். அன்று யாரும் சாகாதது அதிர்ஷ்டம். இதையெல்லாம் மழுப்புகிறவனுக்கு மேற்கொண்டு பேச அருகதை கிடையாது.

என் சண்டை காலியோடு அல்ல, 'காலி' என்ற சொல்லோடு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்களை வாசிக்கிறவர்களோடு.

'ஹூலிகன்' என்ற சொல்லை லண்டன் பத்திரிகைகள் 1898 கோடையில் ஊரறியச் செய்தன. கனவான்களின் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்று 1983ல் ஜெஃப்ரி பியர்சன் ஒரு முழுப் புத்தகத்தில் நிரூபித்தார். ஒவ்வொரு தலைமுறையும் இருபது வருஷத்துக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நம்புகிறது. இருபது வருஷம் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு கனவான் நின்று அதே ஒப்பாரியை வைத்துக்கொண்டிருக்கிறார். கால்பந்து மைதானத்துக் கலாட்டாவும் நேற்று முளைத்ததல்ல. 1909ல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் இரண்டு தரப்பு ரசிகர்களும் ஒன்று சேர்ந்து கோல் கம்பங்களைப் பிடுங்கித் தீ வைத்தார்கள். 1960களுக்குப் பிறகு மாறியது இரண்டு: இளைஞர்கள் ரயிலேறி வெளியூர் ஆட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போக ஆரம்பித்தார்கள், அவர்களைப் பார்த்துப் பயப்படுவது வீட்டு நாற்காலியில் சௌகரியமாக நடக்கிற காரியமாயிற்று, டெலிவிஷன் தயவில்.

1970களில் மைதானங்களில் கம்பிவேலி எழும்பிற்று. நின்று பார்க்கிறவர்களின் படிக்கட்டுகள் தடுப்புகளால் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. அந்தத் துண்டுகளுக்கு ஆங்கிலத்தில் உத்தியோகபூர்வமாக வழங்கிய பெயர் 'பென்'. ஆட்டையும் மாட்டையும் அடைக்கிற பட்டி. இதை உருவகம் என்று கூட யாரும் உணரவில்லை. காவல்துறைக் குறிப்பிலும், விசாரணை அறிக்கையிலும், பத்திரிகையிலும் மனிதர்கள் வெகு சாதாரணமாகப் பட்டியில் நின்றார்கள். உருவகம் என்று தெரியாத உருவகம்தான் ஆளைக் கொல்லும். 1985ல் செல்ஸி கிளப்பின் தலைவர் கென் பேட்ஸ், மாட்டுக்குப் போடுகிற மின்வேலியையே மைதானத்தைச் சுற்றிப் போட்டுவிட்டார். லண்டன் நகர நிர்வாகம் தடுத்ததால் அதில் மின்சாரம் பாயவில்லை. அந்தச் சொல்லை அதன் அர்த்தத்தோடு படித்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்ல வேண்டும்.

அதே 1985 மே 11ல் பிராட்ஃபோர்டில் மரத்தாலான ஒரு பழைய பார்வையாளர் கூடம் சில நிமிஷங்களில் எரிந்து 56 பேர் செத்தார்கள். காலித்தனத்துக்கும் அந்தத் தீக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்பக்கத்துக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. அந்தப் பக்கம் ஓடியவர்களில் பலர் மாண்டார்கள். முன்பக்கம் வேலி இல்லை. மைதானத்துக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள். பாடம் இவ்வளவு எளிமையானது, ஒரு குழந்தைக்கும் புரியக்கூடியது. எட்டு நாள் கழித்து லண்டனின் 'சண்டே டைம்ஸ்' தலையங்கம் கண்ட பாடம் வேறு. கால்பந்து ஒரு சேரி விளையாட்டு, சேரி மைதானங்களில் நடப்பது, சேரி ஜனங்கள் பார்ப்பது என்று அது தீர்ப்பெழுதிற்று. கரிந்த பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த ஊருக்குப் படித்த வர்க்கம் அனுப்பிய அனுதாபச் செய்தி இது. அதற்குப் பத்து நாளில் ஹெய்ஸல். தலையங்கம் எழுதியவர்களுக்குத் தங்கள் வாக்கு பலித்தது போலாயிற்று. பிராட்ஃபோர்டின் பாடம் அங்கேயே புதைந்தது, வேலிகள் நின்றன.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரம், ஹில்ஸ்பரோ மைதானம், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ஆடிய கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் வருகிற பக்கத்தில் நுழைவாயில்கள் போதவில்லை, வெளியே நெரிசல். 2.52க்குப் போலீஸ் அதிகாரி டக்கன்ஃபீல்டின் உத்தரவின் பேரில் ஒரு பெரிய கதவு திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது போய்ச் சேர்ந்தது ஏற்கனவே நிரம்பிப் பிதுங்கிக்கொண்டிருந்த நடுப் பட்டிகளுக்கு. அந்தச் சுரங்கவழியை அடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முன்னால் கம்பிவேலி. ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கிற்று. மூன்று ஆறுக்கு நிறுத்தப்பட்டது. 97 பேர் இறந்தார்கள். கடைசி ஆள் அன்றைய காயங்களின் விளைவாக 2021ல் இறந்தார்.

அந்த ஆறு நிமிஷங்களைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் சில அடி தூரத்தில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். அந்தப் பக்கம் மூச்சடைத்து நீலம் பாரித்த முகங்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சிலர் வேலியேறித் தப்ப முயன்றார்கள். போலீஸ் பார்த்தது என்ன? மைதானத்துக்குள் அத்துமீறி நுழைகிற காலிகளை. ஏறியவர்களில் சிலரைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். விஷயம் வெளிச்சமான பிறகும் நடுக்கோட்டில் ஒரு போலீஸ் வரிசை நின்றது, எதிர்தரப்பு ரசிகர்கள் மேல் இவர்கள் பாய்ந்துவிடக் கூடாது என்று. அதே சமயம் 'காலிகள்' விளம்பரப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, அடிபட்டவர்களையும் செத்தவர்களையும் அவற்றில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் முன்னால் இருப்பதைக் கண் பார்க்கவில்லை. இருபது வருஷமாக மனசில் ஊறிய சித்திரத்தைத்தான் பார்த்தது. இது கண்ணின் கோளாறு அல்ல, வாசிப்பின் கோளாறு. அதனால்தான் ஓர் இலக்கியப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

பிறகு நடந்தது வாசிப்பல்ல, எழுத்து. கதவை ரசிகர்கள்தான் உடைத்தார்கள் என்று டக்கன்ஃபீல்டு அன்று மத்தியானமே பொய் சொன்னார். இறந்த அத்தனை பேரின் ரத்தத்திலும் மதுவின் அளவு பார்க்கப்பட்டது, குழந்தைகளுக்கும் விலக்கில்லை. மிக இளையவனுக்குப் பத்து வயது. மது தென்பட்டவர்களின் பெயர்கள் போலீஸ் குற்றப் பதிவுகளோடு ஒத்துப் பார்க்கப்பட்டன. ஏப்ரல் 19 அன்று 'சன்' பத்திரிகை, 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, ரசிகர்கள் பிணங்களின் பையில் கை விட்டார்கள், போலீஸ்காரர்கள் மேல் மூத்திரம் பெய்தார்கள் என்று முதல் பக்கத்தில் அச்சடித்தது. அதே வருஷம் ஆகஸ்டில் நீதிபதி டெய்லர், முக்கியக் காரணம் போலீஸ் கட்டுப்பாட்டின் தோல்வியே என்று எழுதிவிட்டார். யார் படித்தார்கள்? 1991ல் மரண விசாரணை 'தற்செயல்' என்றது. 2004ல் கூட 'ஸ்பெக்டேட்டர்' வாராந்தரி, போரிஸ் ஜான்சன் ஆசிரியராக இருந்தபோது, குடிவெறி ரசிகர்கள் என்ற பழைய கதையைத் தலையங்கத்தில் திருப்பிச் சொல்லிற்று. இறந்தவர்கள் ஐம்பதுக்கு மேல் என்று ஒரு கணக்கும் கொடுத்தது. அன்றைய தேதியில் எண்ணிக்கை 96. பத்துப் பதினைந்து என்றால் கவனப்பிசகு எனலாம். நாற்பதுக்கு மேற்பட்ட பிணங்கள் எண்ணிக்கையில் விடுபட்டுப் போவது கவனப்பிசகு அல்ல. அது ஒரு மனோபாவம்.

2012ல் சுயேச்சையான குழு ஒன்று பழைய காகிதங்களைத் திறந்தபோது, 164 போலீஸ் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. அவற்றில் 116ல் போலீஸுக்குப் பாதகமான வாசகங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. 2016ல் புதிய மரண விசாரணையின் ஜூரிகள், இவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று சொன்னார்கள். 27 வருஷம் கழித்து. டக்கன்ஃபீல்டு 2019ல் விடுதலையானார். அந்த மரணங்களுக்காக ஒரு போலீஸ் அதிகாரியும் தண்டிக்கப்படவில்லை.

அறிவுஜீவிகள் என்ன செய்தார்கள்? 1971ல் இயன் டெய்லர் என்ற சமூகவியலாளர் (நீதிபதி வேறு ஆள்), தங்கள் ஆட்டம் தங்கள் கையை விட்டுப் போவதைத் தொழிலாளி வர்க்கம் எதிர்ப்பதுதான் இந்தக் கலாட்டா என்று சித்தாந்தம் கட்டினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1989 பிப்ரவரியில் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆலன் கிளார்க்கின் 'தி ஃபர்ம்' படத்தில் காலிக்கூட்டத்தின் தலைவன் டை கட்டி வீடு விற்றுக் கமிஷன் வாங்குகிறவன். பசியோ வேலையின்மையோ அவனை அடிக்கத் தூண்டவில்லை. சமூகவியலைவிட அந்தப் படம் நிஜத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பிறகு இலக்கியக்காரர் வந்தார். 'கிராண்டா' என்ற இலக்கியப் பத்திரிகையின் அமெரிக்க ஆசிரியர் பில் பஃபோர்டு, காலிகளோடு வருஷக்கணக்கில் அலைந்து, கூட்டத்தின் வன்முறையில் ஒரு போதை இருக்கிறது, தான் அதை அனுபவித்தேன் என்று புத்தகம் எழுதினார். நேர்மையான புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் கூட்டம் என்பது மிருகம்தான். இவர் அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்துவிட்டு வந்தார், அவ்வளவே வித்தியாசம். ஒருவர் காலியைப் புரட்சிக்காரனாக்கினார், இன்னொருவர் ஆதி மிருகமாக்கினார். இரண்டு பேர் பார்வையின் மையத்திலும் இல்லாதவர் ஒருவர் உண்டு: சனிக்கிழமை மத்தியானம் பையனைக் கூட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்த சாதாரண மனிதர். ஹில்ஸ்பரோவில் செத்தது அவர்தான்.

டெய்லர் அறிக்கைக்குப் பிறகு வேலிகள் அகற்றப்பட்டன. பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் நாற்காலி வந்தது. நல்லது. 1992ல் பிரீமியர் லீக் பிறந்தது. டிக்கெட் விலை ஏறிற்று, ஏறிக்கொண்டே போயிற்று. நாற்காலி போட்டால் விலையை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று டெய்லர் உதாரணம் காட்டிச் சொல்லியிருந்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரும்பு வேலி செய்ய முடியாததை விலை செய்துவிட்டது. சேரி ஜனங்கள் பலர் வெளியே நிற்கிறார்கள், தலையங்கம் நிறைவேறிற்று.

சித்திரமும் சாகவில்லை. 2022 மே 28 அன்று பாரிஸ் பக்கத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். லிவர்பூல் ரசிகர்கள் குறுகலான வழிகளில் நெருக்கப்பட்டார்கள், கதவுகள் மூடப்பட்டன, கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. உடனே பிரெஞ்சு உள்துறை மந்திரி, முப்பது நாற்பதாயிரம் பேர் போலி டிக்கெட்டோடோ டிக்கெட் இல்லாமலோ வந்ததுதான் காரணம் என்றார். 2023ல் வந்த விசாரணை அறிக்கை, முதல் பொறுப்பு ஆட்டத்தை நடத்திய யுஎஃபாவுடையது என்றது. போலீஸின் அணுகுமுறையில் ஹில்ஸ்பரோ பற்றிய பழைய பொய்யின் நிழல் விழுந்திருந்தது என்றும் சொன்னது. 1989ல் பட்டிக்குள்ளிருந்து உயிரோடு வெளியே வந்த சிலர் அன்று பாரிஸ் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களை வைத்துச் சொன்ன பொய்யே முப்பத்து மூன்று வருஷம் கழித்து அவர்கள் மேல் புகையாக இறங்கிற்று.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு 'மந்தை' என்று ஒரு பிரியமான சொல் இருக்கிறது. விற்பனை அதிகமுள்ள பத்திரிகையைப் படிப்பவன் மந்தை, முதல் நாள் சினிமாவுக்கு வரிசையில் நிற்பவன் மந்தை, பொதுக்கூட்டத்தில் கை தட்டுகிறவன் மந்தை. ரசனையைப் பற்றிய தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டுதான் நாம் அதைச் சொல்கிறோம். அர்னால்டும் அப்படித்தான் நினைத்தார். மந்தை என்று எழுதுவது சுலபம். எழுதியான பிறகு பட்டி கட்டுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம் கட்டுரைகளைப் படித்திருக்க வேண்டியதுகூட இல்லை. மோசமான கதையை மோசம் என்று சொல்லுங்கள், ஓட ஓட விரட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைப் படிக்கிறவன் முகத்தைப் பார்க்காமலே அவனுக்குப் பெயர் வைக்காதீர்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்து முகத்தை ஆறு நிமிஷம் பார்த்தும் தெரிந்துகொள்ளாதவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள் அல்ல.