பரிசு வாங்கினது நான்தான்!

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

சில வருஷம் முன்னால் இங்கே மும்பையில் ஒரு கட்டுரைப் போட்டி. தலைப்பு 'மழை'. எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். தாமிரபரணி, நாற்றங்கால், மண்வாசனை என்று அடித்து விட்டேன். அவள் மனப்பாடம் செய்து எழுதினாள். முதல் பரிசு!

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டாள்: "அப்பா, நாத்தங்கால்னா என்ன?"

கூசிப் போய்விட்டேன். அவள் பார்த்த மழையே வேறு. சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் தண்டவாளம் மூழ்கி லோக்கல் நிற்கிற மழை. அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி... எங்கே போனாலும் நம்ம பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, ஒப்புவித்தல் போட்டி, மாறுவேடம். யாரோ எழுதியதைத் திருப்பிச் சொல்லிக் கைதட்டல் வாங்க வேண்டியது. தன் சொந்த விஷயத்தை நாலு வரி எழுத ஓர் இடம் உண்டா? நான் பார்த்த வரையில் இல்லை. தன் வாழ்க்கையைச் சொல்ல உதவாத மொழியை எந்தப் பிள்ளை வைத்துக்கொள்ளும்? இந்தி போதும், இங்கிலீஷ் போதும் என்று போய்விடும். அதன் மேல் தப்பே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஓர் எழுத்து மன்றம் வேண்டும். அதில் வாத்தியார்களும் டீச்சர்களும் கூடவே உட்கார்ந்து எழுத வேண்டும். மேற்பார்வை பார்க்க வந்தால் அது இன்னொரு டியூஷன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1974-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், ஜேம்ஸ் கிரே என்பவர் ஆசிரியர்களுக்காக ஓர் எழுத்துத் திட்டம் தொடங்கினார். பின்னால் அது அந்த நாடு முழுக்கப் பரவியது. அடிப்படை ஒன்றுதான்: எழுதச் சொல்லித் தருகிறவர் தானும் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறை 2022-ல் மாணவர்களுக்குத் 'தேன்சிட்டு', ஆசிரியர்களுக்குக் 'கனவு ஆசிரியர்' என்று இதழ்கள் கொண்டுவந்தது. நல்ல காரியம். நான் கேட்பது, இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்.

"முதல்ல ல, ள, ழ ஒழுங்கா எழுதட்டும் சார், அப்புறம் கதை எழுதலாம்" என்பார்கள். நான் பேங்க்காரன். காசே இல்லாதவருக்கும் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்து கொடுக்கிறோம். பிள்ளைகளின் தமிழுக்கு மட்டும் ஏன் மினிமம் பேலன்ஸ்? பிழையைப் பிறகு திருத்தலாம். எழுதாத பக்கத்தில் எதைத் திருத்துவது?

"மும்பையில் யார் சார் தமிழ் எழுதப் போறா?" என்றும் கேட்பார்கள். நாஞ்சில் நாடன் நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்தான். அவருடைய முதல் சிறுகதை 1975-ல் 'தீபம்' இதழில் வந்தபோது அவர் இருந்தது இந்த ஊரில். 2021-ல் சாகித்திய அகாடமி விருது பெற்ற அம்பைக்கும் இதுதான் ஊர். ஆனால் இவர்கள் தமிழோடு வந்து இறங்கியவர்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு நாம்தானே இடம் போட்டுக் கொடுக்க வேண்டும்?

செலவு என்ன? ஒரு வகுப்பறை, நோட்டு, பேனா. பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, பொன்னாடை கிடையவே கிடையாது! இந்தி கலந்து எழுதினாலும் முதல் நாள் யாரும் சிவப்பு மையை எடுக்கக் கூடாது.

ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை எங்களுக்கு லீவு. நான் வரத் தயார். முதல் நாள் தலைப்பு 'மழை'யாகவே இருக்கட்டும். என் மழையை நான் எழுதுகிறேன். அவள் மழையை அவளே எழுதட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையையும் அனுப்புங்கள். தயவுசெய்து, எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.